சிரிப்பும் சாட்சியும்

நாம் தமிழ் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நெருங்கிவிட்டது. ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், துறைமுகத்தை நோக்கி வரிசை பிடித்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலோடு பாடம் நடக்கும் பள்ளிக்கூடம் அது. விழா என்றால் நாடகம் இல்லாமல் தீருமா? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே ஒரு ஹாஸ்ய நாடகம் எழுதிக்கொண்டு வந்தார்கள். எண்ணூர் போகும் மின்சார ரயிலில் நடக்கும் கதை. சுண்டல் விற்கிறவர், டிக்கெட் பரிசோதகர், தூங்கி வழியும் குமாஸ்தா எல்லோரும் அதில் வருகிறார்கள். நடுவில் ஒரு பையன் புடவை கட்டிக்கொண்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்து காசு கேட்கிறான். குமாஸ்தா அலறிப் புடைத்துக்கொண்டு ஆசனத்தின் அடியில் போய் ஒளிகிறார். ஒத்திகையில் இந்தக் கட்டம் வந்ததும் அங்கே இருந்த ஆசிரியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நேயர்களிடம் உண்மையை மறைப்பானேன்? நாமும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, திருவொற்றியூர் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தோம். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு திருநங்கை நம் அருகில் வந்து, "வணக்கம், ஸார். என்னைத் தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை. அவர் தம் பழைய பெயரையும் படித்த வகுப்பையும் சொன்ன பிறகுதான் விளங்கியது. முன் வரிசையில் உட்கார்ந்து, செய்யுளை ராகத்தோடு ஒப்பிக்கும் மெலிந்த பிள்ளை. பாதி வருஷத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்ட பிள்ளை.

"சிலப்பதிகாரம் நடத்தினீங்களே, ஸார், ஞாபகம் இருக்கா? மாதவி ஆடின பதினோரு ஆட்டத்தையும் ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டு வந்தீங்க. 'பேடு'ன்னு வந்ததும் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சுது. நீங்க ஒண்ணும் சொல்லலை. அடுத்த ஆட்டத்துக்குப் போயிட்டீங்க" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பழைய வாத்தியாரைக் கண்ட சந்தோஷம் முகத்தில் இருக்கும்போதே சொன்னார். நாம் என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது.

அந்தப் பிள்ளை ஏன் நின்றுவிட்டது என்று அந்த வருஷம் நாம் விசாரிக்கவில்லை. வருகைப் புத்தகத்தில் பெயரைச் சிவப்பு மையால் அடித்ததோடு நம் கடமை முடிந்துவிட்டது.

சிரிப்புக்குப் பிறகு

'பிள்ளைகள் சிரிப்பதில் என்ன மோசம்?' என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வியாசர்பாடியில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். 2006-ஆம் வருஷம், திருட்டு விசாரணை என்ற பெயரில் போலீஸாரிடம் சிக்கிய ஒரு திருநங்கை, அடிக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளாகி, மனம் பொறுக்காமல் போலீஸ் நிலையத்திலேயே தம் உடலில் தீ வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. உடன் பிறந்த சகோதரி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். 2007-இல் ஹைகோர்ட்டு அவர் பக்கம் நியாயம் இருப்பதைக் கண்டு, 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது.

தீ ஒரே நாளில் மூண்டதாக நாம் நினைக்கவில்லை. ஒரு மனிதரை அடிக்கக் கை ஓங்குகிறவனுக்கு, 'இவரை அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள்' என்ற தைரியம் முதலில் வேண்டும். அந்தத் தைரியத்தை அவனுக்குக் கொடுப்பது யார்? தெருவில் சிரிக்கிறவர்களும், வகுப்பில் சிரிக்கிறவர்களும், சிரிப்பைக் கேட்டும் கேளாதவர் போல அடுத்த வரிக்குப் போகிற உபாத்தியாயர்களுமே.

சட்டமும் நெடுநாள் அந்தத் தைரியத்துக்குத் துணை நின்றது. 1871-இல் அந்நிய சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தபோது, அதன் ஒரு பகுதியை இவர்களுக்கென்றே ஒதுக்கியது. வட இந்தியாவில் முதலில் அமலான அச்சட்டத்தின்படி, அதிகாரிகளின் பதிவேட்டில் பெயர் ஏறிய ஒருவர் பெண் உடை உடுத்திப் பொது வீதியில் தோன்றினால் வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். அது மட்டுமா? பொது இடத்தில் ஆடினாலும், வாத்தியம் வாசித்தாலும், வேடிக்கைக் காட்சிகளில் கலந்துகொண்டாலும் இரண்டு வருஷம் வரை சிறை! ஒரு கூட்டத்தாரை ஒடுக்க நினைத்த வெள்ளைக்காரன் அவர்களுடைய பாட்டையும் ஆட்டத்தையுமே முதலில் பிடுங்க நினைத்தான் என்பது கவனிக்கத் தக்கது. கலை என்பது ஒருவன் தான் மனிதன் என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லிக்கொள்ளும் வழி. அந்த வாயை அடைத்துவிட்டால் மற்றக் காரியங்கள் சுலபமாகிவிடும்.

மேடையில் மரியாதை, தெருவில் கல்

நம் முன்னோர் இந்த விஷயத்தில் வெள்ளைக்காரரைவிட எவ்வளவோ மேல் என்று மார் தட்டிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆதாரங்களும் இல்லாமல் இல்லை. காமன் பேடி உருக்கொண்டு வாணனுடைய நகரத்தில் ஆடி, சிறைப்பட்ட தன் மகனை மீட்டான் என்பதுதான் பேடு என்ற ஆட்டத்தின் கதை. மணிமேகலையில் பேடிக்கோலத்துக் கூத்தைக் காணப் புகார் நகரத்து வீதியில் ஜனங்கள் கூடி நிற்கிறார்கள். காண்டீபம் ஏந்திய அர்ஜுனன் பிருகந்நளையாகி, விராட ராஜனுடைய மகளுக்கு நாட்டியம் கற்பிக்கிறான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பாட்டனார் காலத்து நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீ பார்ட் போட்டவர்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளே. டி. கே. சண்முகம் ஔவைப் பாட்டியாக வேஷம் தரித்து மேடைக்கு வந்தபோது ஜனங்கள் பக்தியோடு பார்த்தார்கள். 'அவ்வை' என்ற பட்டமே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகையில் எத்தனையோ வள்ளிகளும் சந்திரமதிகளும் ஆண் குரலில் அழுதார்கள். கூட இருந்து நம் ஜனங்களும் அழுதார்கள்.

ஆனால் இதெல்லாம் கொட்டகைக்குள் மட்டுமே. வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரை மெச்சினோம். வேஷமில்லை, இதுதான் தம் சுயரூபம் என்று சொன்னவரை வீட்டை விட்டே துரத்தினோம். சினிமா வந்த பிறகு நிலைமை இன்னும் கெட்டது. கதாநாயகனுக்கு அருவருப்பு ஊட்டவும், விதூஷகனுக்குக் கை தட்டல் வாங்கிக் கொடுக்கவும் திருநங்கைப் பாத்திரம் ஒன்று அகப்பட்டுவிட்டது. நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த ரயில் காட்சியை எங்கிருந்து கற்றார்கள்? சினிமாவிலிருந்துதான். சிரிக்கக் கற்றுக் கொடுத்தது கலை என்றால், அந்தச் சிரிப்பை மறக்கக் கற்றுக் கொடுக்க வேண்டியதும் கலையின் பொறுப்பே அல்லவா?

இந்தப் பொறுப்பைப் பெரிய ஸ்டூடியோக்கள் ஏற்பதற்கு முன்பே, அடிபட்டவர்கள் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள்.

அடிபட்டவர் எடுத்த எழுதுகோல்

நாமக்கல் சீமையைச் சேர்ந்த ரேவதி என்னும் திருநங்கை, தம்மைப் போன்றவர்கள் பலருடைய வாழ்க்கைக் கதைகளை அவரவர் வாய்மொழியாகவே கேட்டுத் தொகுத்து, 2004-இல் 'உணர்வும் உருவமும்' என்ற புத்தகமாகக் கொண்டுவந்தார். பிறகு தம் சுய சரித்திரத்தை எழுதினார். அது 2010-இல் ஆங்கிலத்திலும், மறு வருஷம் 'வெள்ளை மொழி' என்ற பெயரில் தமிழிலும் வெளிவந்தது. வீட்டில் பட்ட அடி, தெருவில் ரௌடிகளிடம் பட்ட அடி, போலீஸாரிடம் பட்ட அடி எல்லாவற்றையும் அவர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். தமக்குச் சோறு போட்டவர்களைப் பற்றியும் அதே நேர்மையுடன் சொல்கிறார். அச்சில் சொன்னது போதாதென்று, தம் கதையைத் தாமே தனி ஒருவராக மேடையில் நடித்தும் காட்டுகிறார். எழுத்து வாசனை அறியாதவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும் அல்லவா?

லிவிங் ஸ்மைல் வித்யா என்பவர் எம்.ஏ. பட்டம் பெற்றும் ரயிலில் கை நீட்ட நேர்ந்தவர். அவர் 'நான் வித்யா' என்ற தம் சரித்திரத்தை 2007-இல் வெளியிட்டார். அதைத் தழுவிக் கன்னடத்தில் எடுத்த படத்தில் நடித்தவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 2015-இல் வெளியான ஒரு பிரபலத் தமிழ்ப் படம் திருநங்கையை இழிவாகச் சித்திரித்தபோது, வித்யா அதன் டைரக்டருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இவரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து சென்னையில் 'பன்மை' என்ற நாடகக் குழுவை ஆரம்பித்து, தங்கள் சொந்த அநுபவங்களையே நாடகமாக்கி ஊர் ஊராக நடித்தார்கள். அதில் ஹாஸ்யமும் உண்டு. ஆனால் சிரிப்பின் கடிவாளம் அவர்கள் கையில் இருக்கிறது. 'உனக்கு ஏன் சிரிப்பு வருகிறது?' என்று சபையைப் பார்த்துக் கேட்கும் ஹாஸ்யம் அது. இவர்களுக்கும் முன்னால், 'கண்ணாடி கலைக் குழு' என்ற பெயரில் திருநங்கையர் ஒன்று கூடி, நாடகாசிரியர் அ. மங்கையின் துணையோடு தங்கள் வாழ்க்கையை மேடையேற்றியதையும் இங்கே சொல்ல வேண்டும். எவ்வளவு பொருத்தமான பெயர்! கண்ணாடியில் தெரிவது யாருடைய முகம் என்பது எதிரில் நிற்கிறவர்களுக்கு அல்லவா தெரியும்?

எல்லாவற்றையும்விட நம் மனத்தை உலுக்கியது பொள்ளாச்சியில் பிறந்த கல்கி சுப்பிரமணியத்தின் முயற்சி. கவிஞராகவும் சித்திரக்காரராகவும் விளங்கும் இவர் 2008-இல் சகோதரி என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தியவர். 'சிவப்புச் சுவர்' என்று பெயரிட்டு இவர் ஒரு காரியம் தொடங்கினார். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களிடம் கையால் செய்த காகிதத்தைக் கொடுத்து, நடந்ததைத் தம் கைப்படவே எழுதச் சொன்னார். எழுதியவர் தம் உள்ளங்கையைச் சிவப்பு வர்ணத்தில் தோய்த்து அந்தத் தாளில் பதிக்கிறார். அப்படிச் சேர்ந்த தாள்களை வரிசையாக மாட்டினால் சுவர் முழுவதும் சிவந்த கைகள்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் கிரகப் பிரவேசத்தன்றும் கல்யாணத்தன்றும் மஞ்சளிலும் குங்குமத்திலும் கை தோய்த்துச் சுவரில் பதிப்பதுண்டு. 'இந்த வீடு என்னுடையது' என்று அந்தக் கை சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் கோர்ட்டு அதை ஒப்புக்கொள்கிறது. சிவப்புச் சுவரில் உள்ள கைகள் இரண்டு காரியத்தையும் செய்கின்றன. வீடு இல்லாதவரின் சுவர் அது. கோர்ட்டுக்குப் போக முடியாதவரின் சாட்சிப் பத்திரமும் அதுவே. சித்திர சாஸ்திரம் அறிந்த பண்டிதர்கள் அதில் ரேகை நயம் தேடலாம். நமக்கு அந்தக் கைகளில் ஒன்று நம் பழைய மாணவருடையதாக இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

"இது பிரசாரம் அல்லவா?"

நம் நண்பர் ஒருவர், நல்ல சங்கீத ரசிகர், இதைக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி ஐயா, இதைக் கலை என்று சொல்லலாமா? பிரசாரம் அல்லவா இது?" என்றார்.

இதே கேள்வியை ஒரு காலத்தில் யார் கேட்டார்கள் என்று அவருக்கு ஞாபகப்படுத்தினோம். தேசிய நாடகங்களைப் பார்த்து வெள்ளைக்கார அதிகாரிகள் கேட்ட கேள்வி இது. 1876-இல் நாடகங்களுக்கென்றே அவர்கள் ஒரு தடைச் சட்டம் போட்டார்கள். விசுவநாத தாஸ் முருகன் வேஷத்தில் தோன்றித் தேசப் பாட்டுப் பாடியதற்காக எத்தனை முறை சிறை சென்றார்! 1940-ஆம் வருஷக் கடைசியில் இதே சென்னையில் மேடைமீதே அவர் உயிர் பிரிந்தது. அவர் பாடியதைப் பிரசாரம் என்று சொல்லித் தள்ளிவிட நமக்கு மனம் வருமா? பட்ட துன்பத்தைப் பட்டவர் வாயால் கேட்கிறபோது, கேட்பவன் நெஞ்சு இளகுமானால் அது கலைதான்.

ஆயினும் கலையால் எல்லாம் ஆகிவிடும் என்று மயங்கவும் கூடாது. தமிழ்நாடு சர்க்கார் 2008-இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15-ந் தேதி, ஒருவர் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலா என்று தீர்மானிக்கும் உரிமை அவரவருக்கே உண்டென்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லியது. 2017-இல் ஒரு திருநங்கையே ஹைகோர்ட்டு வரை போராடி இந்நாட்டில் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். ஆடினால் சிறை என்று 1871-இல் எழுதப்பட்ட தேசத்தில், 2019-இல் ஆடியதற்காகவே நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ அளித்தார்கள். இவையெல்லாம் மகிழ வேண்டிய விஷயங்கள். ஆனால் அதே 2019-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்தைப் பாருங்கள். பெண்ணைப் பலாத்காரம் செய்தவனுக்குக் குறைந்தது பத்து வருஷம் என்றிருக்க, திருநங்கையைப் பாலியல் கொடுமை செய்தவனுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை என்று அது தண்டனையை வரையறுத்தது. சமமான உயிருக்குச் சமமற்ற விலை! சட்டத்தில் இருக்கும் இந்த இடைவெளியை நாடகம் போட்டு அடைக்க முடியாது. அங்கே ஓர் இடைவெளி இருக்கிறது என்று ஜனங்களுக்குக் காட்ட முடியும்.

யார் பாடுவார்?

கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது திருநங்கையர் கூத்தாண்டவரைக் கணவராக வரித்துத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களபலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைத்து அழுகிறார்கள். பாரத யுத்தத்தில் முதலில் மாண்ட ஒரு வீரனுக்காக இன்றும் கண்ணீர் விடும் அவர்களில் ஒருவர் மாண்டால் அழுவதற்கு யார் இருக்கிறார்கள்? பெற்ற வீட்டார் வந்து உடலை வாங்கிக்கொள்ளவும் மறுத்துவிடுவது உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1998-இல் ஒரு திருநங்கை கொலையுண்ட பிறகு, 1999 முதல் இப்படி மாண்டவர்களுக்காக ஒரு நினைவு நாள் ஏற்பட்டது. இப்போது பல தேசங்களில் நவம்பர் 20-ந் தேதி மெழுகுவர்த்தி ஏற்றிப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார்கள்.

பெயரைச் சொல்லி அழும் கலை வட சென்னைக்குப் புதிதல்ல. காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் ஒரு மூட்டைக் கூலியோ, வலைக்காரரோ இறந்துவிட்டால், இரவு முழுவதும் சாவு வீட்டு வாசலில் கானா பாடுவார்கள். இறந்தவர் பெயரையும், அவர் செய்த நல்லது பொல்லாததையும் சேர்த்துக் கட்டிப் பாடும்போது, வந்தவர்கள் அழுவார்கள், நடுநடுவே சிரிக்கவும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் இளக்காரம் கிடையாது. 'இவர் நம்மவர்' என்ற உரிமை இருக்கிறது. அந்தப் பாட்டில் ஓர் அடி, இதே வீதிகளில் வாழ்ந்து மாண்ட திருநங்கைக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நம் ஆசை.

ஆண்டு விழா விஷயம் என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்பீர்கள். மறுநாள் மாணவர்களைக் கூப்பிட்டு, திருவொற்றியூர் ரயில் நிலையத்தில் நடந்ததைச் சொன்னோம். நம் தவறையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு குமாஸ்தா வேஷம் போடும் பையன், "அப்போ சிரிப்பே வேண்டாமா, ஸார்?" என்று கேட்டான். "வேண்டும். யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதை மட்டும் நீங்களே யோசித்துக்கொண்டு வாருங்கள்" என்றோம். இரண்டு நாளில் காட்சியை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார்கள். இப்போது புடவைக்காரி காசு கேட்க வரவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார். குமாஸ்தா பழைய வழக்கப்படி அலறி ஆசனத்தின் கீழே ஒளிந்துகொள்ள, "ஏதாவது கீழே விழுந்துவிட்டதா, அண்ணே? நானும் தேடட்டுமா?" என்று அவர் குனிந்து கேட்கிறார். வண்டி முழுவதும் குமாஸ்தாவைப் பார்த்துச் சிரிக்கிறது. நமக்கு இவ்வளவு நன்றாக எழுத வந்திருக்காது.

பழைய மாணவரைத் தேடிப் பிடித்து விழாவுக்கு அழைத்தோம். "வாசல்லேயே நிறுத்திடுவாங்க, ஸார்" என்றார். நாமே வாசலில் நிற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். வருவாரோ, மாட்டாரோ, முன் வரிசையில் ஒரு நாற்காலி அவருக்காகக் காலியாக இருக்கும்.

அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் மாதவியின் ஆடல்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்பு சிரிக்கும் என்பதில் சந்தேகமில்லை. இந்த முறை நாம் அடுத்த ஆட்டத்துக்குப் போவதாக இல்லை.